மாப்பிள்ளை வீட்டுக் கடிகாரம்

வயிறு எரிகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அதன் மர ஸ்டீயரிங் வண்டியோடு வரவில்லை; அம்பாசிடர் ஸ்டீயரிங்கை மாட்டியிருக்கிறேன். என் தங்கை கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "அம்பாசிடர் ஸ்டீயரிங்க மாட்டிட்டு ஸ்போர்ட்ஸ் காராம்! ஒரிஜினல் இல்லேன்னா அது வண்டியே இல்ல."

இன்று அவர் வாங்கிய புது டி.வி.யைப் பார்க்கப் பழங்காநத்தத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

டி.வி.க்கு மேலே கடிகாரம். கடிகாரத்தைச் சுற்றி மர ஸ்டீயரிங். என் காருடையது!

"நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே பழைய ஓனர்ட்ட கேட்டு வாங்கிட்டேன் மச்சான். எம்புட்டு அழகா இருக்கு!"

"கழட்டிக் குடுங்க மாப்ள."

"கழட்டுனா கடிகாரம் ஒரிஜினலா இருக்காதுல்ல?"

தங்கை காபியோடு வந்துவிட்டாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தச் சுவரை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். நல்ல சுத்தியல் யாரிடம் இருக்கிறது?