லூர்துவுக்கு எதிராக லூர்து

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால் மணி. குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போகிற ஆடுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. எங்கள் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் லூர்து திரும்பி, தன் மொபைலை என்னிடம் நீட்டினார்.

“மேடம், இத கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. நான் சரியாத்தான் படிச்சேனான்னு தெரியல.”

அவருடைய டிரைவர்கள் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கம். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதில் இப்படி இருந்தது: ‘பர்கூர் ரூட் லூர்து அவர்கள் டவுன் ரூட் கேட்டுக் கொடுத்த மனு ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.’ கீழே, மனுவை எதிர்த்துக் கை தூக்கியவர்களின் பட்டியல். பதினேழாவது பெயர்... லூர்து.

“சரியாத்தான் படிச்சிருக்கீங்க” என்றேன்.

“அப்ப எனக்கு டவுன் ரூட் வேணாம்னு நானே சொல்லிட்டனா மேடம்?”

ஆடுகள் போய்விட்டன. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். லூர்து கியரைப் போட்டார்.

லூர்துவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்கூரிலிருந்து ஓசூர் வரை ஏழு வருடங்களாக எங்கள் பஸ்ஸை ஓட்டுபவர். பண்டிகைக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொண்டுவந்து கொடுப்பவர். ஒரு வருடமாக அவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்னை. தூரத்து ரூட்டை விட்டுவிடு, இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆபரேஷன் என்றால் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் டிராவல்ஸில் ஆறு மாதம் யார் சீட்டை வைத்திருப்பார்கள்? யாருக்கு எந்த ரூட் என்று பிரிப்பது சங்கம். அதனால்தான் மனு.

நான் என்ன செய்தேன்? அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதெல்லாம், “தைலம் தேய்ங்க லூர்து” என்றேன். ஒரு வருடத்தில் நான்கு கம்பெனித் தைலங்களின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவர் சூளகிரியில் இரண்டு நிமிடம் நிறுத்தி முதுகை நிமிர்த்தினால், “கார்டு பஞ்ச் பண்ண லேட்டாகும்ப்பா!” என்று கத்துகிற பஸ்ஸில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி... தன் மனுவுக்கு எதிராகத் தானே கை தூக்குவது எப்படி? ரொம்ப சுலபம். கூட்டத்துக்கே போகாமல் இருந்தால் போதும்.

சங்கக் கூட்டம் ஓசூரில் காலை ஏழரை மணிக்கு. டவுன் ரூட் டிரைவர்கள் முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, இட்லி சாப்பிட்டு, வசதியாக வந்து உட்காருவார்கள். தூரத்து ரூட் டிரைவர்கள் அந்த நேரத்தில் ஹைவேயில் இருப்பார்கள். பாவம், வர முடியாதே! அதனால் சங்கத்தில் ஒரு நல்ல பழக்கம் – வராதவர்களுக்காக வந்தவர்களே கை தூக்கிவிடுவார்கள். தனக்காக இடது கை, ரூட்டில் இருப்பவருக்காக வலது கை. என்ன ஒரு பாசம்!

இத்தனை வருடம் வெளியே வராத இந்த ரகசியம் இப்போது எப்படி வந்தது? பெரியவர்கள் சண்டை போட்டதால்தான்.

தலைவர் திம்மப்பா உள்ளூர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் கோபப்பட்டு, தமிழில் சமாதானமாகிறவர். செயலாளர் முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இருவரும் பஸ் ஓட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. சங்க வேலையே சரியாக இருக்கிறதாம். தலைவர் நாற்காலி யாருக்கு என்று இவர்களுக்குள் தகராறு. ஓட்டெடுப்பு நடத்தினார்கள். திம்மப்பாவுக்கு முப்பத்தெட்டு கை. முருகேசனுக்கு முப்பத்தாறு.

சங்கத்தில் மொத்தமே ஐம்பத்திரண்டு பேர்!

தூரத்து ரூட்டில் இருந்த இருபத்திரண்டு பேரின் கைகளையும் இரண்டு கோஷ்டியும் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. தலைவரின் மோசடியை அம்பலப்படுத்த வேண்டுமே என்று முருகேசனின் ஆள் பழைய மினிட்ஸை போட்டோ எடுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் எதிர்த்துக் கை தூக்கியவர்களில் முருகேசனும் இருந்தார் என்பதை அவசரத்தில் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ‘ஒன்பது பேர் கமிட்டியில் எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும். வெளியாள் வைத்துத் தேர்தல் நடத்துங்கள். இல்லாவிட்டால் சந்தா கிடையாது.’ யார் அந்த வெளியாள்? “எங்க பஸ்ல ஒரு மேடம் பத்திரிகையில எழுதறாங்க” என்று லூர்து சொல்லிவிட்டார்.

திம்மப்பா எங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்தார். “நீங்க நடுநிலையா நடத்திக் குடுங்கம்மா. கொஞ்சம் நம்ம பக்கமும் பாத்துக்குங்க.”

அவர் போன கால் மணி நேரத்தில் முருகேசன். “அவரு சொல்லுதத நம்பாதிய மேடம். நீங்க நியாயமா நடத்துங்க. நாங்க ஜெயிச்சிருவோம்.”

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஓட்டுப் பெட்டி டிரைவர் இருக்கிற இடத்துக்கு வரும். அவ்வளவுதான். பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒன்று சேர்ந்தார்கள். “பெட்டி ஆபீஸ விட்டு வெளிய போற பழக்கமே இல்லீங்க!” கை மட்டும் ஆளை விட்டு வெளியே போகலாமா என்று கேட்டேன். ஆளுக்கொரு ஏஜென்டைக் கூட அனுப்புவோம் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

தேர்தலன்று அரை நாள் லீவு போட்டேன். முறுக்கு டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, சீல் வைத்து, ஆட்டோவில் கிளம்பினேன். எனக்கு வலது பக்கம் திம்மப்பாவின் ஏஜென்ட், இடது பக்கம் முருகேசனின் ஏஜென்ட். மூன்று தொழிற்சாலைகளின் பார்க்கிங்கைச் சுற்றி முடிக்கும் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மடியில் டப்பாவோடு நடுவில் நான்.

காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலை வரை தூரத்து ரூட் டிரைவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸின் நிழலில் பேப்பர் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஒருவர் சாமான் வைக்கிற டிக்கிக்குள் படுத்திருந்தார். தலையை மட்டும் நீட்டி, “இன்னா டப்பாம்மா அது?” என்றார்.

“ஓட்டுப் பெட்டி.”

“நம்மளுக்குமா?”

டப்பாவை அவர் பக்கம் நீட்டினேன். ஏஜென்ட்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

லூர்து தன் ஓட்டுச் சீட்டை மடித்துக்கொண்டு வந்தார். டப்பாவைத் தரையில் வைத்திருந்தேன். குனியப் பார்த்தார், முடியவில்லை. டப்பாவை அவர் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். இத்தனை நாளில் அவர் முதுகுக்காக நான் செய்த முதல் உபகாரம்.

“பிளேன் ஓட்டறவங்களுக்கும் சங்கம் இருக்குதாமே மேடம்? அங்கயும் இப்பிடித்தானா?” என்றார்.

“அங்கேயும் தலைவர் யாருன்னு சண்டை உண்டு லூர்து. வானத்துல இருக்கிறவருக்காகக் கீழே யார் கை தூக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

முடிவு? திம்மப்பாவே தலைவர். முருகேசனே செயலாளர். இதற்குத்தான் இவ்வளவு கூத்து. ஆனால் தூரத்து ரூட்டுக்கான இரண்டு இடங்களில் ஒன்று லூர்துவுக்குக் கிடைத்தது.

கமிட்டியில் உட்கார்ந்ததும் லூர்து ஒன்றே ஒன்று கேட்டார். “முத கூட்டத்த பர்கூர்ல வைங்க. சாயந்திரம் ஏழு மணிக்கு. எங்காளுங்க எல்லாரும் வருவாங்க.” போவது எப்படி? இருக்கவே இருக்கிறதே, அவருடைய பஸ்! ஐந்தரை மணிக்கு எங்கள் பஸ்ஸிலேயே தலைவரும் செயலாளரும் ஏறினார்கள். தேர்தல் முடிவைப் படிக்க வேண்டும் என்பதால் நானும் வழக்கமாக இறங்குகிற கிருஷ்ணகிரியில் இறங்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், அவரவர் சீட் அவரவருக்கு. முதலமைச்சரே வந்தாலும் எழுந்து இடம் தர மாட்டோம். மீதி இருந்தது கடைசி வரிசை. திம்மப்பா ஒரு ஓரம், முருகேசன் ஒரு ஓரம். அன்றும் வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளியில் சந்தை கலைகிற நேரம். சர்வீஸ் ரோடு பள்ளம், வேகத்தடை, திடீர் பிரேக்... சூளகிரி தாண்டியபோது பின்னாலிருந்து ஒரு “ஐயோ!” கேட்டது. கிருஷ்ணகிரி வருவதற்குள் எந்தக் கோஷ்டியின் ஐயோ எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லூர்து வேண்டுமென்றே ஓட்டவில்லை. எப்போதும் ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினார். நான் சாட்சி.

பர்கூரில் இறங்கியபோது இரண்டு தலைவர்களும் இடுப்பில் கை வைத்திருந்தார்கள். முருகேசன் தணிந்த குரலில், “இத தெனமும் ரெண்டு தடவ ஓட்டுதீரா ஓய்?” என்றார்.

“ஏழு வருஷமாங்க.”

திம்மப்பா நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை. “அந்த லூர்து மனுவ எடுங்கப்பா முதல்ல” என்றார். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரூட் மாறும், முதல் மாற்றம் லூர்துவுக்கு என்று தீர்மானம் எழுதப்பட்டது. பர்கூர் ரூட்டுக்கு முதலில் யார் வருவது? தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் தலைவரைப் பார்த்தார். அது அடுத்த சண்டை.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க. அவங்கவங்க கை மட்டும்!” என்றார் திம்மப்பா, என்னை ஒரு கண்ணால் பார்த்தபடி.

எண்ணுகிற வேலை எனக்கு. கைகள் உயர்ந்தன. லூர்து வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கினார்.

“ஒரு கை போதும்யா!” என்றார் தலைவர்.

லூர்து இறக்கவில்லை. நானும் நேர்மையாக ஒன்று என்றுதான் எண்ணினேன்.