அழும் முக அட்டை

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள ஒரு பாடசாலையில் நான்காம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். தினமும் காலையில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, முகம் வரைந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துத் தங்கள் மனநிலையைச் சொல்லச் சொல்வேன். இதில் சரி, பிழை கிடையாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

மலையகத்து ஹட்டனிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சிறுமி, முதல் நாளே அழும் முகத்தை எடுத்தாள்.

"வெசனமா இருக்குங்க டீச்சர்."

"வெசனமோ? அதென்ன தமிழ்? கவலையா இருக்கு எண்டு வடிவாச் சொல்லுங்கோ."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவள் திருத்திச் சொன்னாள். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தேனே தவிர, ஏன் கவலை என்று கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் சிரிக்கும் முகத்தையே எடுத்தாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று மற்ற ஆசிரியைகளிடம் பெருமை வேறு பேசினேன்.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டத்துக்கு அவளோடு தகப்பன் மட்டும் வந்தார்.

"அம்மா வரேல்லையோ?"

"அவ குவைத்துக்கு வேலைக்குப் போயிட்டாங்க டீச்சர். புள்ள இங்க சேந்த அன்னைக்குத்தான் ஏத்திவிட்டோம். ஒங்ககிட்ட சொல்லலிங்களா?"

நான் பக்கத்தில் நின்ற சிறுமியைப் பார்த்தேன். அவள் அவசரமாகச் சொன்னாள்:

"எனக்குச் சந்தோசமா இருக்கு டீச்சர். ஒரு கவலையும் இல்லை."

ஒரு சொல்லும் பிசகவில்லை. அச்சு அசல் என்னுடைய தமிழ்.

சிரிக்கும் முக அட்டைகள் கைபட்டுக் கிழிந்துவிட்டன. அழும் முகம் மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது. அதை என் வகுப்பில் இப்போது யாரும் எடுப்பதில்லை.