சுக்காரெலா என்ற சொல்

2022 மார்ச் 16, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் கூட்டி, சாமி விளக்கேற்றி, கோப்பி கலக்கினேன். ஆறே முக்காலுக்குத் தொழிற்சங்கத்து அண்ணன் காருடன் வந்தார். சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்குத் தொழில் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர, நெரிசலோடு ஒன்றரை மணி நேரம் ஆனது.

ரப்பர் நூல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள் நான். கொரோனா காலத்தில் ஆர்டர் நின்றதும் எங்களை வரிசையில் நிறுத்தி ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ‘சுக்காரெலா’ என்று மலாய் மொழியில் இருந்தது. விருப்பத்தோடு விலகுகிறேன் என்று பொருள். நான் விலகவில்லை, நீக்கப்பட்டேன். ‘நீக்கப்பட்டார்’ என்ற அந்த ஒரு சொல் தீர்ப்பில் வர வேண்டும் என்றுதான் வழக்குப் போட்டேன்.

கம்பெனி வக்கீல் முதலில் சொன்னார்: “பாரத்தில் இருப்பது தெளிவான சொல். கோர்ட் வேறு அர்த்தம் தேடக் கூடாது.” பிறகு சொன்னார்: “இது நெருக்கடிக் காலம். சட்டத்தின் நோக்கம் தொழில் பிழைக்க வேண்டும் என்பதே.” எனக்கு எரிந்தது. சொல்லும் அவர் பக்கம், நோக்கமும் அவர் பக்கமா?

என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார். “சுக்காரெலா என்றால் உங்களுக்கு அர்த்தம் தெரியாதா?”

“தெரியும், துவான். எங்கள் கம்பெனியில் அதற்கு வேறு அர்த்தம்.”

சொன்னேன். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. மாதத்தில் ஒரு வெள்ளி ஆலையைக் கழுவ வர வேண்டும். அறிவிப்புப் பலகையில் அதற்குப் பெயர் ‘சுக்காரெலா’. வராதவர் பெயருக்கு எதிரே சூப்பர்வைசர் சிவப்புப் புள்ளி வைப்பார். மூன்று புள்ளி விழுந்தால் ஓவர்டைம் கிடையாது. “இந்த வெள்ளி சுக்காரெலாவுல மாட்டிக்கிட்டேன்” என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

“ஆதாரம்?”

“என் டைரி.”

நீதிமன்றத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு சொல்லை அது புழங்கிய இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நெருக்கடி வந்ததால் இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிட முடியாது. ஆனால் அந்தச் சொல் அங்கே எப்படிப் புழங்கியது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். நாளை ஒன்பது மணிக்கு அசல் டைரிகளோடு வாருங்கள்.”

வெளியே அண்ணன் காதருகே வந்தார். “தங்கச்சி, கம்பெனிக்காரங்க காசு குடுத்து செட்டல் பண்றாங்களாம். சுக்காரெலாங்கிற சொல்ல மட்டும் அப்படியே விட்டுடணுமாம்.”

“அத விட்டுட்டா பினாங்குக்கு எதுக்குண்ணே வந்தோம்? லக்சா சாப்புடவா?”

“உன் வாய்க்குத்தான்லா அந்த வக்கீலே பயந்துட்டான்!”

சாயங்காலம் டைரிகளை மேசையில் அடுக்கி, சுக்காரெலா வெள்ளிகளுக்கெல்லாம் சிவப்புக் காகிதத் துண்டு வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் கை நின்றது. ‘இன்று சுக்காரெலா. நானாகவே போனேன். அடுத்த வாரம் தீபாவளி. முறுக்குப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.’

அண்ணனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

“ஐயோ, அதுக்குத் துண்டு வைக்காதே! நாமளே ஏன் எடுத்துக் கொடுக்கணும்?”

“மறைச்சா மத்த பக்கத்த யாருண்ணே நம்புவா? நானா போன அன்னிக்கு நானா போனேன்னு எழுதியிருக்கேன். பாரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? ‘படிக்க விடவில்லை.’”

“காலையில யோசிச்சுக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் எழுந்ததும், கோப்பிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே, ‘நானாகவே போனேன்’ என்ற அந்தப் பக்கத்துக்கும் ஒரு சிவப்புத் துண்டு வைத்தேன்.