வாசலில் சேர்ந்துகொண்ட ஐந்தாவது பெண்

அன்று என்னோடு நடந்து வந்த மிர்ல் இன்றும் உயிரோடு இருக்கிறாள். சந்தேகம் இருந்தால் அவளிடமே கேளுங்கள். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

1943 ஜனவரி, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த வில்னா நகரம். பகலெல்லாம் ஜெர்மானியரின் ஆயுதக் கிடங்கில் தரை துடைப்போம். மாலையில், யூதர்களான எங்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவுக்குத் திரும்புவோம். ஐந்தைந்து பேராக நடக்க வேண்டும். வாசலில் சோதனை. ரொட்டித் துண்டு அகப்பட்டாலே உயிர் போகும். அன்று என் தொடையில் கட்டியிருந்தது ரொட்டி அல்ல, கைத்துப்பாக்கி. சும்மா சாகக்கூடாது என்று உள்ளே சிலர் முடிவெடுத்திருந்தோம்.

எங்கள் வரிசையில் ஒருத்திக்குக் காய்ச்சல். நான்கு பேர்தான். வாசலை நெருங்கும்போது ஒரு பெண் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“தள்ளி நட. எனக்கும் இடம் வேணும்ல?”

“யாருடி இவ?” என்று மிர்ல் கிசுகிசுத்தாள். எனக்கும் தெரியவில்லை.

கடுங்குளிர். பேசினாலே எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை. காலில் மரக்கட்டைச் செருப்பு. கீழே உறைந்த கல்தரை. ஆனால்... சத்தமே இல்லை.

வாசல் வந்தது. மணி ஐந்தே கால். காவலன் என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“டேய்! அவகிட்ட என்னத்தடா தேடுற? இங்க வா. எங்கிட்ட தேடு!”

அவள்தான். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

காவலன் அவளைச் சோதனை அறைக்குள் இழுத்துப் போனான்.

“பேர் என்ன?”

“ஸ்லாட்டே. அனுப்பி வெச்சவனுக்கே மறந்துபோச்சா?”

பிறகு அந்தச் சத்தம். பலகைத் தரையில் உருளைக்கிழங்கு விழும் சத்தம்.

டொப்... டொப்... டொப்...

நிற்கவே இல்லை.

மற்ற காவலர்களும் உள்ளே ஓடினார்கள். நாங்கள் நடந்தோம்.

பின்னால் ஓர் அலறல்.

ஆண் குரல்.

மறுநாள், அந்த அறையைப் பெருக்கும் பெரெல் என்னிடம் சொன்னான்.

“அங்க பொம்பளையும் இல்ல, கிழங்கும் இல்ல. அவன் மட்டும் முட்டி போட்டுக் கெடந்தான். ரெண்டு கையிலயும் மணல். ஈரமான மஞ்ச மணல்.”

ஊரே பனியில் இறுகிக் கிடந்த மாதம். அந்த மணல் எங்கே இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொனார் காட்டில். எங்கள் ஜனங்களைச் சுட்டுத் தள்ளிய குழிகளில்.

ஸ்லாட்டேயின் தங்கை சீமே என்பவளைத் தேடிப் பிடித்தேன். கோட்டுக்குள் உருளைக்கிழங்கை ஒளித்து வந்த அக்காவை, போன நவம்பரில் அதே வாசலில், அதே காவலன்தான் பிடித்தானாம். அந்த வாரமே பொனாருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கண்டதையெல்லாம் சொன்னேன். சீமே அழவில்லை.

“எத்தன கிழங்கு விழுந்துச்சு?”

“எண்ண முடியல சீமே. விழுந்துகிட்டே இருந்துச்சு.”



“எங்கக்கா கோட்டுக்குள்ள இருந்தது மூணே மூணுதான்,” என்றாள். “மத்ததெல்லாம்... யாரோடது?”