டொக்சிலின் கைவேலையும் ஒக்பூனின் போர்வையும்

என் தங்கை ஒக்பூனைக் கட்டிக்கொண்டவன் பெயர் மேங் டொக்சில். எங்கள் ஜெச்சோன் ஊர் பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான். குடிக்க மாட்டான். சீட்டாட மாட்டான். பெண்டாட்டி மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இப்படிப்பட்ட ஆளைக் குறை சொன்னால் ஊர் என்னைத்தான் கிறுக்கன் என்னும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ஆளை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே குமட்டும். பாய்லர் ரிப்பேர் என் தொழில். அடைத்த குழாய், செத்த எலி, துருத்தண்ணீர் எல்லாம் பார்த்த மூக்கு இது. அந்த மூக்கே டொக்சில் வீட்டு வாசலில் பின்வாங்கும்.

அவனுக்குக் கைவேலைப் பைத்தியம். கடையில் கிடைக்கிற எதையும் வீட்டில்தான் செய்ய வேண்டும். வசந்தம் வந்தால் ஒக்பூனை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவான். சுக் என்கிற காட்டுக்கீரை பறிக்கிறார்களாம். நாய் மோண்ட இடமா, மருந்து அடித்த இடமா என்று பார்க்க மாட்டான். மூட்டை மூட்டையாக வரும். அவன் ஒரு சட்டி மாவில் கலந்து கொழுக்கட்டை பிடிப்பான். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் பையில் அழுகிக் கறுத்துக் கூழாகும். கூழை வழித்து எடுப்பது ஒக்பூன்.

கோடையில் பச்சைச் சீமைப்பனிச்சங்காயை இடித்துத் துணிக்குச் சாயம். வேட்டி அகலத் துணிகள் பால்கனி முழுக்கத் தொங்கும், புளித்த சாற்றைச் சொட்டிக்கொண்டு. அடியில் ஈ. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவருக்குத் தலைகுனிந்து பதில் சொல்வது ஒக்பூன்.

இலையுதிர்காலம்தான் உச்சம். சாலையோரம் கிங்கோ மரத்துப் பழம் உதிரும். மிதித்தால் வாந்தி நாற்றம். அதைப் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சுற்றுலா, பக்கெட்டோடு. ஒரு தடவை நானும் போய்த் தொலைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் எங்களைச் சுற்றி நான்கு சீட்டு காலியாயிற்று. ஒரு பையன் அவன் அம்மாவிடம், "யாரும்மா பேண்ட்லயே போயிட்டாங்க" என்று கேட்டான். டொக்சில் சிரித்துக்கொண்டே, "வறுத்தா எப்படி இருக்கும் தெரியுமா தம்பி" என்றான். பழத்தோலை உரிப்பது குளியல் தொட்டியில். உரிப்பது ஒக்பூன். அந்தச் சாறு பட்டு அவள் கையெல்லாம் கொப்புளம். வறுத்த கொட்டையைக் குச்சியில் கோர்த்துப் படம் எடுத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் போனில் அனுப்பியது அவன். "ஒக்பூனுக்கு வாய்ச்ச மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும்" என்று அந்தப் பெண்கள் எழுதினார்கள். அவர்கள் ஒரு நாள் அந்தக் குளியலறையில் பல் விளக்கிப் பார்க்க வேண்டும்.

இவர்களுக்கு ஒரு மகன். பூசானில் வேலை. புத்தாண்டுக்கு வந்தால் லாட்ஜில் தங்குகிறான். அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

இனி, போன குளிர்காலத்துக் கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தின வசந்தத்தில் என் மகள் தாஜொங்குக்கு அண்டோங் பக்கம் சம்பந்தம் அமைந்தது. பழைய பழக்கம் விடாத குடும்பம். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டிலிருந்து மாமனார் மாமியாருக்குப் பட்டுப் பஞ்சுப்போர்வை போக வேண்டும். என் மனைவி உயிரோடு இல்லை. "போர்வைய நான் தைக்கிறேன்" என்று ஒக்பூன் சொன்னாள். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். "கடைப் போர்வைய அனுப்பினா, அம்மா இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சுரும் அண்ணே" என்றாள். பட்டு வாங்கப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கோடை முழுக்கத் தைத்தாள். சிவப்புப் பட்டு, தலைமாட்டில் பச்சைப் பட்டை, உள்ளே புதுப் பஞ்சு. சாயத்துணி சொட்டாத மூலை பார்த்து உட்கார்ந்து, கை கழுவிக் கழுவித் தைத்தாள். தையல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அதை அவள் யாருக்கும் படம் எடுத்து அனுப்பவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்டோங்கில் கொடுப்பதாகப் பேச்சு.

அதற்கு முந்தின புதன்கிழமை போர்வையை எடுத்துவரப் போனேன். மாடிப்படியிலேயே நாற்றம் பிடித்துக்கொண்டது. ஊறிய காலுறையை வேகவைத்த மாதிரி. என்னவென்று எனக்குத் தெரியும். சோயாவை வேகவைத்து, வைக்கோல் போட்டு, சூட்டில் புளிக்க வைப்பது. எங்கள் வீடுகளில் வெந்நீர்க் குழாய் தரைக்கடியில் ஓடும். தரை எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கே கூடையை வைத்து, மேலே கனமாகப் போர்த்த வேண்டும். இன்றைக்கு அதற்கு மிஷின் இருக்கிறது. டொக்சிலுக்கு மிஷின் ஆகாது.

ஒக்பூன் அலமாரியைத் திறந்தாள். அங்கே சுற்றிய துணி மட்டும் மடித்து இருந்தது. அவள் திரும்பி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு டொக்சிலே வந்தான், கையில் கரண்டியோடு.

"மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க. நூல் எப்படி வருது பாருங்க." கரண்டியைத் தூக்கினான். சளி மாதிரி நீளமாக இழுத்தது.

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுடுதரையில் கூடை. கூடை மேல் சிவப்புப் பட்டு. பச்சைப் பட்டையில் ஆவி பட்டு, தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"மாப்ள, இது என்னன்னு தெரியுமா?"

"போர்வ."

"யாரோட போர்வ?"

"நம்ம தாஜொங்கோடது. தெரியும் மச்சான். நம்ம போர்வையெல்லாம் பழசு, பஞ்சு அடங்கிப் போச்சு, சூடு நிக்கல. இது புதுப் பஞ்சு. ரெண்டு நாள் வெயில்ல போட்டா வாடை போயிரும்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கும் ஒரு டப்பா குடுக்கலாமேன்னுதான்."

"வெயிலா? வெளிய தண்ணி கொழாய் உறைஞ்சு கெடக்கு."

"அடுப்புக் கரி வெச்சுக் கட்டினா வாடைய இழுத்துரும்."

அடித்திருப்பேன். ஒக்பூன் குறுக்கே வந்து போர்வையைத் தூக்கினாள். முகத்தை அதில் வைத்து மோந்தாள். அவள் முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். அழுகை இல்லை அது. கிங்கோ பழத்தை மிதித்தவர்கள் முகம்.

"அண்ணே, வண்டி கீழ நிக்குதா?"

"நிக்குது."

"கத்திரிக்கோல், ஊசிப் பெட்டி எடுத்துட்டு வர்றேன். போலாம்."

"சாப்பாட்டுக்கு வந்துருவல்ல?" என்றான் டொக்சில். "இன்னிக்கு இந்தச் சோயாவப் போட்டுத்தான் குழம்பு. கூடைய நீ கழுவ வேண்டாம், ஊறப் போட்டு வை, போதும்."

ஊறப் போடுவதும் அவளேதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக உறைக்கவில்லை.

என் வீட்டில் போர்வையைப் பிரித்தாள். பஞ்சைத் தொடவே சகிக்கவில்லை. ஈரம் ஏறி, உள்ளே வரைக்கும் அந்த வாடை. குப்பைக்குக் கொண்டுபோனேன்; வழி முழுக்க என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது. சிவப்புப் பட்டைத் தண்ணீரில் போட்டால் சுருங்கிவிடும் என்று மொட்டை மாடியில் பனிக்காற்றில் கட்டினாள். பச்சைப் பட்டையை வெட்டி எறிந்தாள். புதுப் பஞ்சுக்கும் பச்சைப் பட்டுக்கும் என்னைச் சந்தைக்கு விரட்டினாள். முதலில் வாங்கி வந்த பச்சையை, "தவளக் கலர்ல இருக்கு" என்று திருப்பி அனுப்பினாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தைத்தாள். என்னை அந்தப் பக்கம் மீன் பொரிக்கக்கூட விடவில்லை. டொக்சில் போன் செய்துகொண்டே இருந்தான். தாஜொங் எடுத்துப் பேசினாள்.

"அத்தை தைக்கிறாங்க மாமா. இல்ல, பேச முடியாதாம்." போனைக் கையால் மூடிக்கொண்டு, "அத்தை, வீட்ல ஒரு தட்டுகூட கழுவினதா இல்லையாம். சாப்பிட எதுல சாப்பிடறதுன்னு கேக்கறாரு" என்றாள்.

"கைல சாப்பிடச் சொல்லு," என்றாள் ஒக்பூன், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை அண்டோங்குக்கு மூவரும் போனோம். வண்டியில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பி மோந்து பார்த்தேன். வாடை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மூக்கு கெட்டுப்போனால் அப்படித்தான்.

சம்பந்தியம்மா ஒல்லியான பெண்மணி, வாயை இறுக்கி வைத்திருப்பவர். போர்வையை விரித்து விரல்களால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் குனிந்து கன்னத்தை வைத்தார்.

"இந்தப் பச்சை புதுசா மாத்தி வெச்சதா?" என்று கேட்டார். "செவப்பு கொஞ்சம் வெயில் பட்ட மாதிரி இருக்கு. இது மட்டும் மடிப்புக் கலையல."

நான் எதையாவது உளறியிருப்பேன். தாஜொங் முந்திக்கொண்டாள். "எங்க மாமா இதைப் போர்த்தி சோயா புளிக்க வெச்சுட்டார். அத்தை பிரிச்சு மறுபடி தைச்சாங்க. மூணு நாள்ல."

அந்தம்மா ஒக்பூனைப் பார்த்தார். ஊசி குத்திச் சிவந்த விரல்களையும் பார்த்தார்.

"இந்தப் போர்வையா?"

"இதேதாங்க," என்றாள் ஒக்பூன்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ என் கல்யாணப் பட்டுல கெண்டை மீனச் சுத்திக் கொண்டாந்தார்," என்றார் சம்பந்தியம்மா. குரலில் சிரிப்பு இல்லை. "அத யாரும் பிரிச்சுத் தைக்கல." போர்வையை மடித்து, கூடத்தில் வைக்காமல், தன் படுக்கையறைக்கே கொண்டுபோனார். சோறு போட்டு அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் ஜெச்சோன் எல்லை வந்ததும் ஒக்பூன் சொன்னாள், "அண்ணே, எங்க வீட்டுப் பக்கம் திருப்பாத."

"என் வீட்ல நீ படுக்க இருக்கறது சின்ன ரூம்தான், அதுல பாய்லர் பம்பு, பழைய குழாய் எல்லாம் கெடக்கு."

"எடுத்து வெளிய போடு."

போட்டேன். தாஜொங் கல்யாணம் நடந்தது. டொக்சில் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஒக்பூன் அவனோடு போகவில்லை. "வீடு நாறாம இருந்தா வர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அவளே போய்ப் பார்க்க மாட்டாள், மோந்து பார்க்க என்னைத்தான் அனுப்புகிறாள்.

நேற்றும் போனேன். முதல் மாடியிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டேன். கதவு திறந்து கிடந்தது. சமையலறையில் பாத்திரங்கள் பூஞ்சை பிடித்துக் கோபுரம் மாதிரி அடுக்கி இருந்தன. டொக்சில் குளியல் தொட்டிக்குள் இறங்கி நின்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போக மாட்டேங்குது மச்சான். ஒக்பூன் எதப் போட்டுத் தேய்ப்பா?"

"எனக்கெப்படித் தெரியும். நீதானே கூட இருந்த."

அவன் மறுபடி குனிந்து தேய்த்தான். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சட்டையைக் கழற்றி வெளியே போட்ட பிறகுதான் ஒக்பூனிடம் சொன்னேன்.

"எதப் போட்டுத் தேய்க்கிறாரு?" என்றாள்.

"ஷாம்பு."

கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றுக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"தேய்க்கட்டும்," என்றாள்.