அம்மா கதவைச் சாத்திய திருவூடல்

செய்தியைக் கொண்டுவந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காக்கி உடுப்போடு வாசலில் வந்து நின்றவர், பிள்ளைகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர், உங்க அம்மா தவறிட்டாங்க. விடியக்காலைல. உங்கப்பா ஐயருதான் சொல்லி அனுப்புனாரு. வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன், வாங்க."

பஸ்ஸில் சந்தைக்குப் போகிற சனம் நிறைய இருந்தது. தாமதத்துக்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பஸ்ஸே காத்து நிற்கும்படி என்னை 'டீச்சர்' ஆக்கியது யார் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் தாயார் தர்மாம்பாளைத் திருவண்ணாமலையில் பலருக்குத் தெரியும். அண்ணாமலையார் கோயில் குருக்களின் மனைவி. அப்பா சாப்பிடாமல் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துப் பார்த்தவர்கள் கிடையாது. விடியுமுன் அப்பா குளிப்பதற்குள் மடி வேட்டி கொடியில் தயாராக இருக்கும். கோயிலுக்கு அவர் புறப்பட்டால் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நிற்பார். கல்யாணமாகிப் போகும் பெண்களிடம், "தர்மாம்பா மாதிரி இரு" என்று தெருவில் புத்தி சொல்வார்கள். எனக்கு இதெல்லாம் அப்போது எரிச்சலாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த அம்மாவுக்குத் தனக்கென்று ஒரு நினைப்பே கிடையாதா என்று தோன்றும். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பதினாறு வயதில் எனக்குக் கல்யாணமானது. இருபது வயதில், கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு, பொட்டில்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் அப்பாவின் தமக்கையும் இருந்தார். அத்தைக்குப் பன்னிரண்டு வயதில் கணவர் போய்விட்டார். அன்றிலிருந்து மழித்த தலை, காவிப் புடவை, அடுப்படி மூலை. என் தலைமுடியைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்தவரும் அவர்தான். "நான் இருக்கலியா?" என்று கேட்டார். குழந்தைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "நீங்க இருந்தது போதும் அக்கா" என்றார். அதில் கோபமே இல்லை. அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்தப் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பள்ளித் தலைமையாசிரியையிடம் சொல்லி, வேலூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கான விண்ணப்பத்தை எப்படியோ வாங்கி வந்துவிட்டார். விடுதியில் தங்கி இரண்டு வருஷம் படிக்க வேண்டும். குழந்தையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லா இடத்தையும் நான் நிரப்பிவிட்டேன். அடியில் பாதுகாவலர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தை மாதத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

அப்பா போட மறுத்தார். கெட்ட மனிதர் அல்லர், பயந்த மனிதர். "குருக்களாத்துப் பொண்ணு, அதுவும் இப்படி ஆனவ, ஊர்விட்டு ஊர் போய் உத்தியோகம் பாக்கறான்னா நாளைக்கு என்னை யார் சந்நிதியில நிக்க விடுவா?" என்றார். அம்மா வாதாடவில்லை. மார்கழி முழுக்கத் தினமும் அப்பா சாப்பிட்டு எழும் நேரத்தில் அந்தக் காகிதத்தை இலைக்குப் பக்கத்தில் வைப்பார். அப்பா அதைத் தாண்டிக்கொண்டு கையலம்பப் போவார். எச்சில் படுமுன் அம்மா எடுத்து மாடத்தில் வைத்துவிடுவார். மறுநாள் திரும்பவும் இலை, திரும்பவும் காகிதம். பொங்கலன்றுகூட விடவில்லை. சர்க்கரைப் பொங்கலுக்கு அருகே அது இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊரில் திருவூடல். சாமிக்கும் அம்பாளுக்கும் சண்டை மூள்கிற நாள். திருவூடல் தெருவில் இருவரையும் எதிரெதிரே முன்னும் பின்னுமாக ஆட்டி நிறுத்துவார்கள். அம்பாள் கோபித்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குள் போய்விடுவாள். கதவைச் சாத்திவிடுவார்கள். சாமி வெளியே ஒரு கோயிலில் தங்கிவிட்டு, அடுத்த நாள் தனியாக மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். அந்த வருஷம் அம்பாள் பக்கம் நின்று கதவைச் சாத்தும் முறை அப்பாவுக்கு வந்திருந்தது.

சாத்திவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. வாசல்படியில் ஒரு மணையின்மேல் உலர்ந்த வேட்டி, ஒரு கம்பளி, தூக்கில் தயிர் சாதம். தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா நின்றார். இடுப்பில் குழந்தை. அவர் கால்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அம்பாள் கதவை நீங்கதானே சாத்திட்டு வந்தேள்? அவ கோவத்துல நியாயம் இருக்குன்னு ஊரே கும்பிட்டுண்டு நிக்கறது. என்னோடதுலயும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கோ."

அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார். தெருவில் திருவிழாக் கூட்டம்; இரண்டு மூன்று பேர் நின்று பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தாங்கவில்லை. அப்பா அவமானப்பட என் படிப்பு வேண்டாம் என்று தாழை நீக்கப் போனேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அத்தை. "விடுடி. அவ சாத்தினது சாத்தினதாவே இருக்கட்டும்" என்றார். பிடித்த கையை அவர் எடுக்கவேயில்லை.

கடைசியில் அப்பாவின் குரல் கேட்டது. "சரி. சாமி எங்க தங்கறாரோ அங்கேயே நானும் தங்கிக்கறேன்." நாங்கள் பிறகு பார்த்தபோது வேட்டியையும் கம்பளியையும் எடுத்துப் போயிருந்தார். தயிர் சாதத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சாப்பிடவில்லை என்றதும் அம்மாவும் அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை.

மறுநாள் சாமிக்குப் பின்னால் எட்டொன்பது மைல், அந்த வயதில், வெறுங்காலோடு அப்பா மலையைச் சுற்றினார். அங்கே சாமிக்கும் அம்பாளுக்கும் சமாதானமாகி மேளச் சத்தம் ஓய்ந்ததும், அம்மா எங்கள் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். செம்பில் தண்ணீரோடு நின்றார். அப்பா வந்தார். "வாங்கோ" என்று ஒரே வார்த்தைதான். காலைக் கழுவி விட்டார். மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்ட பிறகு, அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தக் காயிதத்தைக் கொண்டா" என்றார்.

கையெழுத்துக் காயுமுன் அம்மா அவர் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தார். "ஜெயிச்சவளுக்கு நமஸ்காரம் என்ன வேண்டியிருக்கு?" என்றார் அப்பா. "நான் எங்கே ஜெயிச்சேன்? நீங்கன்னா திரும்பி வந்தேள்" என்றார் அம்மா. அன்று நான் அவரைப் பார்த்து வியந்ததை இன்றுவரை வியந்து முடித்தபாடில்லை. அடங்கிப்போகிறவர் என்று நான் நினைத்திருந்தவர், இத்தனை வருஷமும் தம் மனசாரக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கொடுக்க மனமில்லாத ஒன்று வந்தபோது, தாழைப் போடவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த திருவூடலின்போது தெருப் பெண்கள், "இந்த வருஷம் உங்காத்துல உண்டா மாமி?" என்று கேலி செய்தார்கள். "ஒரு தடவைக்கே எனக்குப் பாதி உசிர் போயிடுத்து" என்று அம்மாவும் சிரித்தார். தாழிட்ட கதவுக்குப் பின்னால் அவர் கால்கள் நடுங்கியதைப் பார்த்தவள் நான். அவர் சொன்னது வெறும் கேலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

வேலூரில் இருந்த இரண்டு வருஷமும் மாதம் ஒரு கார்டு அம்மாவிடமிருந்து வரும். அதில் ஒரு எழுத்தும் இருக்காது. என் குழந்தையின் பாதத்தைக் கார்டின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருப்பார். விலாசம் மட்டும் அப்பாவின் கையெழுத்தில். படுக்குமுன் அந்தப் பாதத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். கடைசி மாதத்துக் கார்டில் விரல்கள் இல்லை. கார்டைவிடக் கால் பெரிதாகிவிட்டது. அப்படி வளர்க்கப்பட்ட பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. வேலை நிமித்தம் நான் கீழ்பென்னாத்தூரில் தங்க, அவள் பாட்டியை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். போன ஞாயிறுகூட அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே, "இவ காலேஜுக்குப் போகணும்டி. இதுக்கு யார் கையெழுத்துப் போடணும்?" என்று அம்மா கேட்டார். "நானே போடலாம்மா" என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் தவறிய அன்று விடியக்காலையில் கிணற்றில் நீர் இறைத்து, அப்பாவின் வேட்டியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். பேத்தி ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பாவே கொள்ளி வைத்தார். எல்லாம் முடிந்து தலைமுழுகி ஈர வேட்டியோடு மத்தியானம் திரும்பினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கால் கழுவி உள்ளே போனார்கள். அப்பா மட்டும் படிக்கு வெளியிலேயே நின்றார். ஏதோ சாஸ்திரம் போலும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் அருகில் போனேன்.

"அன்னிக்கு மலையைச் சுத்தி வரச்சே எனக்கு ஒரே பயம்டி" என்றார். "சுத்தி முடிச்சா கதவு திறக்கும்னு சாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே."

வீட்டுக்குள்ளே பார்த்தபடி சொன்னார்: "இன்னிக்குத் திறந்துதான் இருக்கு. வாங்கோன்னு சொல்லத்தான் ஆளில்லே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் காலில் தண்ணீர் ஊற்றினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்கோப்பா" என்றேன்.

போய் வா, அம்மா. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.