தன் திவசத்துக்குத் தானே சமைத்த செண்பகம் அத்தை

செண்பகம் அத்தை இறந்துவிட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது, "மறுபடியுமா?" என்றுதான் கேட்டேன். அம்மா திட்டவில்லை. அத்தையைத் தெரிந்தவர்கள் யாரும் திட்டமாட்டார்கள். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அருள்புரத்தில் எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வேறு சாதிக்காரரான மாமாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்ததும், ஊரில் அத்தையின் வீட்டார் தலைமுழுகி, செத்தவளுக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்து முடித்தார்கள். ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் அது. செய்தி வந்தபோது அத்தை அழவில்லையாம். "கறி எடுத்துட்டு வாங்க" என்று மாமாவைக் கடைக்கு அனுப்பினாராம்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அதே நாளில் தன் திவசத்தைத் தானே கொண்டாடினார். செத்தவருக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும்? மட்டன் சுக்கா, பரோட்டா, பாட்டில் கலர். தன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, லைன் முழுவதையும் சாப்பிடக் கூப்பிடுவார். முதன்முதலாகப் போனபோது, "காக்காய்க்கு வெக்கலீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"எதுக்குட்டி காக்கா? வரவேண்டிய ஆளு நானே வந்துட்டேம்லா!" என்று முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டார்.

எட்டாவது படிக்கும்போது, பனியன் வேஸ்ட் துணியை முறுக்கி மாலை கட்டி அந்தப் போட்டோவுக்குப் போட்டேன். "உசுரோட இருக்கறவங்களுக்கு மாலை போடறயே, உனக்கு அறிவிருக்கா கண்ணு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார். அத்தை துணியைத் தடவிப் பார்த்தார். "எக்ஸ்போர்ட் துணியிலயாட்டி மாலை? எங்க ஊரு பண்ணையாருக்கே கெடைக்காது!" அப்புறம் அதைக் கழற்றவே விடவில்லை.

மாமா இறந்த பிறகு வந்த ஆவணியில் கேட்டேவிட்டேன்: "அவங்க உங்களை மறந்தது வலிக்கலீங்களா?"

"மறந்தாவளா? மறந்தவன் எதுக்குட்டி தலைமுழுகணும்? சும்மா இருந்திருப்பாம்லா. மறக்க முடியாமத்தான் தண்ணிய ஊத்துதாவ. ஊத்தட்டும்."

"நீங்க அவங்களை மறந்துட்டீங்களா?"

"கறி வெந்துட்டு. நீ எலையப் போடு."

இந்த முறை நிஜமாகவே, செக்கிங் டேபிளிலேயே நெஞ்சுவலி வந்து அத்தை போய்விட்டார். அவருடைய போனில் 'அண்ணன்' என்றே ஓர் எண் இருந்தது. நான் வந்து சேர்ந்ததும் அம்மா அதைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க தங்கச்சி எப்பமோ செத்துட்டா," என்றது அந்தக் குரல். "ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநா எல்லாம் முடிச்சாச்சு. இங்க யாரும் அவள நெனைக்கது இல்ல."

"சரிங்க," என்றார் அம்மா. "அப்ப இவங்க எங்க ஊட்டு ஆளுங்க. நாங்களே பாத்துக்கறமுங்க."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்க, நாளைக் கரெக்டாச் சொல்றீங்க! எங்க அத்தை ஜெயிச்சுட்டாங்க!" என்று கத்தினேன். அவர் போனை வைக்கவில்லை. நாங்கள் வைத்தோம்.

காரியத்துக்குச் சைவம்தான் படைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினார். அதே போட்டோ, அதே வேஸ்ட் துணி மாலை, முன்னால் இலை நிறையச் சுக்கா.

"காக்காயக் கூப்புடு கண்ணு," என்றார் அம்மா.

கூப்பிடவில்லை. முதல் வாயை நானே போட்டுக்கொண்டேன். செம காரம். அழுகிறேன் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

போய் வாருங்கள் அத்தை. உங்கள் திவசம் ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள்தான். இந்தச் சாவுக்காக எல்லாம் நாங்கள் தேதியை மாற்றுவதாக இல்லை.